மூச்சு விடுவதை மட்டும் எழுது

பிப்ரவரி 6, வியாழன்

என் கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில் அண்ணன் வந்தான். கண் மங்குகிறதாம். அச்சகத்தில் பிழை திருத்துபவனுக்குக் கண் மங்கினால் பிழைப்பே மங்கின மாதிரிதான். "எழுத்தெல்லாம் சாயங்கால வெளிச்சத்துல தெரியிற மாதிரி இருக்கு" என்றான்.

இருட்டறையில் உட்கார வைத்துப் பலகையைக் காட்டினேன். கடைசிக்கு முந்தின வரி வரை தடுமாறாமல் படித்துவிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி இரண்டும் கடுகளவு. இருட்டில் விரிய வேண்டியது விரியவில்லை. "என்னண்ணா, கண்ணு இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணுது?" என்று கேட்டேன். வயசு என்றான். ஐம்பத்து நான்கு ஒரு வயசா? கண் டாக்டரிடம் போகச் சொன்னால், எண்ணிக்கை முடியட்டும் என்கிறான். கொஞ்சம் பவர் கூட்டி எழுதிக்கொடுத்தேன். எனக்கே திருப்தி இல்லாத சீட்டு.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையாம். காட்டுக்குள் வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் எங்கள் கூத்து. பறவை, பூச்சி, தவளை, நாலுகால், எல்லாவற்றையும் பார்த்து எழுதவேண்டும். ஆறாவது வருஷமாக நான்தான் பட்டியல்காரி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். அண்ணன் சொன்னதை மறுத்து என் நாக்குக்குப் பழக்கம் இல்லை. என் ஒன்பது வயதிலிருந்து தலையில் எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினவன் அவன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு வயிறு சரியில்லையாம், வியர்த்துக் கொட்டுகிறதாம். "ஊத்துத் தண்ணி குடிச்சா சரியாயிடும்னு இன்னும் ரெண்டு சொம்பு சேத்துக் குடிக்கிறார். நான் சொன்னா கேக்குறாரா?"

காட்டின் நடுவில் இருக்கும் ஊற்று அவனுக்குக் கோயில் மாதிரி. வாரத்தில் இரண்டு நாள் கேன் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்து வருவான். வீட்டில் அதற்குத் தனிப் பானை, தனிச் சொம்பு. குழாய்த் தண்ணீரில் மருந்து நாற்றமாம். அண்ணி அந்தப் பானையைத் தொட மாட்டாள். "சாமி தீர்த்தம், நமக்கெதுக்கு" என்று கிண்டல் செய்வாள்.

பிப்ரவரி 13, வியாழன்

படிவங்கள் நகல் எடுத்தாகிவிட்டது. பென்சில் பன்னிரண்டு. எங்கள் தெருக்காரன் சங்கும் வருகிறானாம் — அவன் குரலைக் கேட்டால் இருக்கிற பறவையும் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பிப்ரவரி 15, சனி

மத்தியானம் முழுக்க அடைமழை. காலமில்லாக் காலத்து மழை. நாளைக்குச் சேறுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கால் வீங்கிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மனதில் கிடந்து அரிக்கும்.

பன்னிரண்டு பேர், நான்கு குழு. மேட்டுப் பக்கம் மாட்டு டாக்டர் குழு. மாட்டு டாக்டர் என்றால் கோபித்துக்கொள்வார், கால்நடை மருத்துவர் என்று சொல்லவேண்டும். மற்ற மூன்று குழுவும் ஓடையை ஒட்டிக் கீழ்ப்பக்கம். என்னோடு சங்கும், அவன் மனைவியும்.

காலையில் கிளம்பும் முன் அண்ணன் வழக்கமான பிரசங்கம் செய்தான். இரண்டு பேர் பார்த்தால்தான் எழுதவேண்டும். ஊகம் கூடாது. இறகு, எலும்பு, செத்தது எதுவும் பட்டியலில் வராது. "மூச்சு விடுறத மட்டும் எழுது." முதல் வருஷம் ஒருத்தர் பழைய இறகையெல்லாம் பொறுக்கிவந்து பட்டியலை ஊதிக் காட்டிவிட்டார், அதிலிருந்து வந்த விதி இது. இந்த வருஷம் விதியை இரண்டு தரம் சொன்னான். நகராட்சி இந்தக் காட்டைக் காப்பதா, வெட்டிக் கிடங்கு கட்டுவதா என்று முடிவெடுக்கப் போகிறது. வியாழக்கிழமைக்குள் எங்கள் பட்டியல் போய்ச் சேரவேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் காடு பிழைக்கும். அவனுக்கு அது உயிர். பேசும்போது நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. காலை ஏழு மணிக்கு, அந்தக் குளிரில்.

உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, நாம் நேரம் கெட்ட நேரத்தில் வந்துவிட்டோமோ என்றுதான். அவ்வளவு நிசப்தம். ஓடைப் பக்கம் போனால் போன வருஷம் தவளைச் சத்தத்தில் பேச முடியாது. இன்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றுகூட இல்லை. தவளைக்கு நேரே பூஜ்யம் போட்டேன். சங்குகூடக் குரலைத் தாழ்த்திப் பேசினான். "என்னக்கா இது, எழவு வீடு மாதிரி இருக்கு?" அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது இன்றுதான் முதல் முறை.

பாறைக்கு அடியில் ஒரு அணில் மல்லாந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஓரத்தில் இரண்டு குருவி. காயம் இல்லை, எறும்புகூட மொய்க்கவில்லை. விதி விதிதானே. பட்டியலில் சேர்க்காமல் ஓரத்தில் பென்சிலால் 'செத்தது 3' என்று கிறுக்கி வைத்தேன். ஏன் கிறுக்கினேன் என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதாமல் விட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பழைய கல்லுடைத்த பள்ளத்துக்குப் போகும் பாதையில் லாரிச் சக்கரத் தடம். அவ்வளவு உள்ளே லாரிக்கு என்ன வேலை? அண்ணனிடம் சொன்னதற்கு, "மரம் திருடுறவனா இருக்கும்" என்றான்.

மத்தியானம் ஊற்றடியில் எல்லோரும் கூடினோம். அண்ணன் ஊற்றுத் தண்ணீரில் அவன் கையாலேயே டீ போட்டான். ஆளுக்கு அரை டம்ளர். நான் பிளாஸ்கில் என் காபியைக் கொண்டுபோயிருந்தேன், அதைக் குடித்தேன். "அண்ணன் கையால போட்ட டீய வேண்டாங்கிற ஒரே தங்கச்சி" என்று சிரித்தான். மேட்டுக் குழு வந்து சேர்ந்தபோது டீ தீர்ந்துவிட்டிருந்தது.

மொத்தம் போன வருஷத்தைவிட இருபத்திரண்டு இனம் குறைவு. மழையால் ஒதுங்கியிருக்கும் என்றான் அண்ணன். டம்ளரைப் பிடித்த கையில் கட்டைவிரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

குழுவில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. சங்கின் மனைவி கொண்டுவந்த கட்டுச்சாதம்தான் காரணம் என்று எல்லோரும் போனில் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். பாவம், அழுதுவிட்டாளாம். எனக்கு ஒன்றும் இல்லை. நானும் அதே சாதத்தைத்தான் சாப்பிட்டேன், அதுவும் இரண்டு தடவை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லாததால் நான்கு குழுவின் தாள்களையும் பரப்பி வைத்து நல்ல பிரதி எழுத உட்கார்ந்தேன். ஓரக் கிறுக்கல் என் தாளில் மட்டும் இல்லை. இரண்டாவது குழுத் தாளில்: 'காகம் 4, கீரி 1, மைனா 2 — செத்தவை.' மூன்றாவதில்: 'முயல் 1, மீன் நிறைய, பெயர் தெரியாத குருவி 3.' ஒவ்வொருவரும் ஏதோ இரண்டு மூன்று என்று நினைத்துப் பென்சிலால் கிறுக்கிவிட்டு மறந்திருக்கிறார்கள். விதிப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர், ஒரே காடு, ஒருத்தர் பார்த்தது இன்னொருத்தருக்குத் தெரியாது!

மாட்டு டாக்டர் குழுவின் தாளில் மட்டும் ஓரம் சுத்தமாக இருந்தது. மேட்டில் எதுவும் சாகவில்லை.

வரைபடத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். மீனை விட்டுவிட்டே பதினான்கு புள்ளி. எல்லாம் ஒரே கோட்டில். கல்லுடைத்த பள்ளத்தில் தொடங்கி, ஊற்றைத் தொட்டு, ஓடையோடு கீழே.

 உடனே அண்ணனுக்குப் போன் போட்டுப் புள்ளிகளைச் சொன்னேன்.

"செத்ததெல்லாம் கணக்குல வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அண்ணா, இது கணக்கு இல்ல. தண்ணியில ஏதோ இருக்கு. அந்த லாரித் தடம்..."

 அண்ணன் மெதுவாகச் சொன்னான். "நாளான்னிக்குப் பட்டியல் குடுக்கணும். இப்பப் போய்க் காடு செத்துக்கிட்டிருக்குன்னு நாமளே எழுதினா, வெட்டக் காத்திருக்கிறவன் கையில நாமளே கோடாலி எடுத்துக் குடுத்த மாதிரி. வியாழக்கிழம வரைக்கும் வாயத் திறக்காத. அப்புறம் நானே ஆள் கூட்டிட்டுப் போய்ப் பள்ளத்தப் பாக்கிறேன்."

"நீ குடிக்கிறியே அந்தத் தண்ணிய?"

சிரித்தான். "இருபது வருஷமாக் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"அண்ணிகிட்டயாவது..."

"அவகிட்டச் சொல்லாத. ஊரக் கூட்டிருவா."

சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன், சரி என்று.

இரண்டு நாள்தானே. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? அண்ணிதான் அந்தப் பானையைத் தொடவே மாட்டாளே. அண்ணன் ஒருத்தன்தான் குடிப்பவன், அவனுக்கும் சொல்லியாகிவிட்டது. வேறு யாரிடம் சொல்லவேண்டும்? இப்படி என்னை நானே சமாதானம் செய்துகொண்டு நல்ல பிரதியை எழுதி முடித்தேன். ஓரம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

மாட்டு டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணாடிக் காலில் திருகு கழன்றுவிட்டதாம். நான் திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போது மேசையில் புள்ளி வைத்த வரைபடம் விரிந்து கிடந்தது. "இது என்னம்மா, புதுப் பாதையா?" என்று எட்டிப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்திருக்கும். நான் வரைபடத்தை மடித்து டிராயருக்குள் போட்டேன். "சும்மா கிறுக்கல் டாக்டர்."

அவர் போன பிறகு வாசல் வரை ஓடினேன். ஸ்கூட்டர் போய்விட்டிருந்தது. போன் இருக்கிறதே கையில்? இருந்தது. செய்யவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அடுத்தவர்களைக் கேட்பேன். இன்றைக்கு நான்தான் பூனை.

நாளைக்கு வியாழன். நாளைக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணி ஆஸ்பத்திரியில்.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று பத்து மணிக்கு அண்ணன் பட்டியலைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டான். "குடுத்தாச்சு" என்று போன் செய்தபோது குரலில் சின்னப் பிள்ளைச் சந்தோஷம். பதினொன்றரைக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் போன் செய்தாள். அண்ணி சமையலறையில் விழுந்து கிடக்கிறாள், வாயில் நுரை, கூப்பிட்டால் பேச்சில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். புடவை முழுக்க நனைந்திருந்தது, அவ்வளவு வியர்வை. இமையை நானே தூக்கிப் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்கிற மாதிரியே விரல் தானாகப் போய்விட்டது. கண்மணி இல்லவே இல்லை என்கிற மாதிரி, ஊசி குத்தின புள்ளி.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "பூச்சி மருந்து ஏதாவது குடிச்சாங்களா? வீட்ல சண்டையா?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஊற்று, செத்த பறவைகள், வரைபடம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பாதியிலேயே ஓடிப்போய் நர்ஸிடம் மருந்தின் பெயரைக் கத்தினாள். ஊசிக்கு மேல் ஊசி.

இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சு இயந்திரம் விடுகிறது.

புரியாதது ஒன்றுதான். தொடாத பானையை அண்ணி ஏன் தொட்டாள்? தினமும் குடிக்கிற அண்ணன் நன்றாக இருக்கிறான். டியூப்லைட் வெளிச்சத்தில் அவன் கண்ணைப் பார்த்தேன், கண்மணி பழையபடி அளவாக இருக்கிறது, விரல் துடிப்பும் இல்லை. கல் உடம்பு, கடவுளுக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

மாட்டு டாக்டரிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "புதன்கிழமையே இது இருந்துச்சில்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளத்தில் முப்பத்தோரு பீப்பாய்கள். எப்போதோ தடை செய்த பூச்சி மருந்து, பழையது. பாதிக்கு மேல் துருப்பிடித்து ஒழுகியிருக்கிறது. எண்ணிக்கைக்கு முந்தின நாள் மழை மிச்சத்தையும் கழுவி ஊற்றில் இறக்கிவிட்டது. காட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள்.

அண்ணி கண் திறந்துவிட்டாள்! இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அழுத அழுகையில் அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணி இரண்டு வார்த்தை பேசினாள். தொண்டை கட்டிப்போய்க் காற்றாக வருகிறது. "பானை நெறைய அப்படியே இருந்துச்சு. அச்சகத்துல வேலை ஜாஸ்தி, அங்கயே தண்ணி குடிச்சுக்கிறேன்னுட்டார். ஆசையா சொமந்துட்டு வந்த தண்ணி, வீணாக் கொட்டுவானேன்னு... குடிச்சேன், அதுலயே சமைச்சேன். அவரு ரெண்டு நாளும் வீட்ல சாப்பிடல, நல்லவேளை."

நல்லவேளைதான்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. எழுதினால் யோசிக்க வேண்டிவரும்.

மார்ச் 3, திங்கள்

அண்ணி வீட்டுக்கு வந்தாள். தானே நடந்து படி ஏறினாள். அண்ணன் அந்தப் பானையை உடைத்து எறிந்துவிட்டானாம். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்போது அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. மனது இளகிவிட்டது. எதையும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணிக்குக் கால் மரத்துப்போகிறது. நேற்று செருப்பு கழன்றது தெரியாமல் வாசல் வரை போயிருக்கிறாள். டாக்டரிடம் காட்டினோம். இந்த விஷம் போகும்போது நரம்பைக் கடித்துவிட்டுப் போவது உண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியுமாம். திரும்பி வருமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள் அந்தச் சின்னப் பெண், தாளைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 15, சனி

அண்ணிக்குக் கால் இரண்டும் இழுத்துக்கொண்டு வருகிறது. கையிலும் நடுக்கம். கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

காடு பிழைத்துவிட்டது. கிடங்குத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். விஷத்தைக் கொட்டினவர்கள் யார் என்று விசாரணையாம். எண்ணிக்கைக் குழுவால்தான் உண்மை வெளியே வந்தது என்று அண்ணனுக்குப் பாராட்டு. பத்திரிகைக்காரர் ஒருவர் அச்சகத்துக்கே வந்து அவனிடம் பேட்டி எடுத்துக்கொண்டு போனாராம். சங்கு தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடிவந்து சொன்னான்.

மார்ச் 23, ஞாயிறு

பேட்டி இன்று வந்திருக்கிறது. அண்ணனின் படம் கால் பக்கத்துக்கு. மழமழவென்று சவரம் செய்து, நான் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

மத்தியானம் அண்ணிக்குத் தலை வாரிவிடப் போனேன். பத்து நாளாக அது என் வேலை. கையைத் தோளுக்கு மேல் தூக்க அவளால் முடியவில்லை. அண்ணன் கூடத்தில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான், வாழ்த்துச் சொல்கிறவர்கள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுத்து ஆடுது, நீ படி, கேக்கிறேன்" என்றாள். பேப்பரைக் கட்டிலில் விரித்து, ஒரு கையால் சிக்கெடுத்துக்கொண்டே படித்தேன்.

காட்டின் மேல் அவனுக்கு உள்ள பாசம், இருபது வருஷ ஊற்று, எண்ணிக்கை நாளில் நிசப்தம். எல்லாம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்த வரியைக் கண் பார்ப்பதற்குள் வாய் படித்துவிட்டது. 'பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமையே எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் அந்த நீரை ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை. அந்த எச்சரிக்கைதான் என்னைக் காப்பாற்றியது.'

சீப்பு நின்றுவிட்டது.

அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமையா போட்டிருக்கு?"

"ஆமா அண்ணி."

"நான் விழுந்தது வியாழக்கிழம."

"ஆமா."

"இன்னொரு வாட்டி படி. அந்த வரிய மட்டும்."

படித்தேன். வேறு என்ன செய்வது? கூடத்தில் அண்ணன் யாரிடமோ, "எல்லாரோட ஒத்துழைப்பும்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. ஒரு தகவல் கேட்கிற மாதிரி.

பொய் சொல்ல இரண்டு மூன்று வழி இருந்தது. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் சொன்னேன், அண்ணி. செவ்வாய்க்கிழமை போன்ல. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னார். சரின்னேன்."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். கண்மணி இப்போது ஒழுங்காக விரிந்து சுருங்குகிறது. அவ்வளவு தெளிவாக அவள் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு என் கையிலிருந்து, பாதி பின்னியிருந்த தலைமுடியை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"விடு. நானே பின்னிக்கிறேன்."

முழங்கையைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, தலையைச் சாய்த்து, நடுங்குகிற விரலால் மூன்று பிரியாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரிந்து பிரிந்து நழுவியது. மறுபடி பிடித்தாள். நான் கை நீட்டவில்லை, நீட்டவும் எனக்கு உரிமை இல்லை. அரைமணி நேரமோ என்னமோ, அவள் பின்னி முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தேன். முடித்ததும், கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.